நீ ஏறாத சரிவு

வில்லாபுரம் பஸ் நிறுத்தச் சுவரில் பசை இன்னும் காயவில்லை. புளித்த மைதா வாடை. கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் நீ சிரிக்கிறாய். பெயருக்குக் கீழே ‘இமயத்தை அளந்த மாமனிதர்’ என்று போட்டிருக்கிறார்கள். நின்று படித்தேன், மாப்ள. செத்த பிறகும் பொய்.

எல்லையோரப் பனிமலைகளுக்கு வரைபடம் போட நம்மை அனுப்பினார்களே, நீ, நான், பேரையூர்க் கருப்பையா. மூவருக்கும் ஒரே கூடாரம். நடுவில் படுத்துக்கொண்டு கருப்பையா சொல்வான்: “சித்திரை வெயில நெனச்சுக்கிட்டே தூங்குங்கடா.” நீயும் சேர்ந்துதான் சிரித்தாய். அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

கடைசியில் ஒரு சரிவு மட்டும் பாக்கியிருந்தது. என் கால்விரல்கள் பனியில் கறுத்துப்போக, என்னைக் கீழே இறக்கினார்கள். கிளம்பும்போது சொன்னேன்: “ஏற முடியலைன்னா அந்த எடத்த வெள்ளையா விட்டுரு. அளக்கலைன்னு எழுதிரு.”

“சரி மாப்ள, நீ போ” என்றாய்.

நீ ஏறவும் இல்லை, வெள்ளையாக விடவும் இல்லை. கூடாரத்துக்குள் உட்கார்ந்து, இருபுறமும் அளந்திருந்த உயரக்கோடுகளை உன் இஷ்டத்துக்கு இழுத்து இணைத்தாய். காகிதத்தில் அழகான, மெல்லிய சரிவு. அடுத்த கோடையில் கருப்பையா வேறொரு குழுவோடு அங்கே போனான். தயங்கியவர்களிடம், “நம்ம பய வரைஞ்சது, நம்பி எறங்கலாம்” என்று சொல்லி முன்னால் இறங்கினானாம். அங்கே சரிவே இல்லை. பனிவெடிப்பு. உடல்கூடக் கிடைக்கவில்லை.

உன் வீட்டு வாசலில் நின்று கேட்டேன்.

“பனி நகரும் மாப்ள. நான் என்ன செய்ய?”

“நீ ஏறுனியா?”

கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டே சொன்னாய்: “இல்ல. அங்க எவன் போகப் போறான்னு நெனச்சேன்.”

அன்றோடு உன் முகத்தில் விழிக்கவில்லை.

“செத்தவுகள ஏசாதீங்க” என்கிறாள் என் மனைவி. நீ உயிரோடிருந்தபோது ஏசியதைத்தான் தொடர்கிறேன்.

நேற்று பூக்கடையில் கருப்பையாவின் மகளைப் பார்த்தேன். அவளைச் சிறுமியாகப் பார்த்தது. தாயோடு வெளியூர் போனவள், இப்போது கப்பலூரில் வேலை. உனக்கு மாலை வாங்கிக்கொண்டிருந்தாள்.

“அப்பா வழி தப்பிச் செத்தப்ப, மொத ஆளா வந்து ஆறுதல் சொன்னவுக இந்த மாமாதான்.”

“உங்கப்பா வழி தப்பலம்மா” என்றேன். அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் அழவில்லை. மாலையைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினாள்.

என் கோபத்தைத் திருப்பிக் கொடுக்கத்தான் ஆளில்லை. நீ போய்விட்டாய்.