கப்பலில் திரும்பிய வற்றல்

12-8-96, திங்கள்

தூறல். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் வரை பஸ்ஸில் நின்றே பயணம். வேலை பார்க்கும் மிளகாய்க் குடோனில் கூச்சல். ஜெர்மனிக்கு அனுப்பிய மிளகாய் வற்றல் அத்தனையும் திரும்பி வந்து லாரியிலிருந்து இறங்குகிறது. பூஞ்சண நஞ்சாம், அவர்கள் வைத்த அளவுக்கு மேல். கண்ணுக்குத் தெரியாது. ஈரலைக் கெடுக்கும்.

முதலாளி: "வெள்ளைக்காரனுக்குக் காரம் தாங்கல. அதுக்கு விஷம்னு ஒரு பேரு." கணக்கப்பிள்ளை விழுந்து விழுந்து சிரிக்கிறார். சம்பளத்துக்குச் சிரிப்பு.

காரணம் ஊருக்கே தெரியும். சாக்கில் கட்டுவதற்கு முந்தின நாள் வற்றல் மேல் தண்ணீர் தெளிப்பது. "செத்த ஈரம் இருந்தாத்தான் மொளகா ஒடையாது." எடையும் ஏறும், அதை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஈர மூட்டை, பூட்டிய கப்பல், வாரக்கணக்கில் புழுக்கம். பூஞ்சணத்துக்கு வேறென்ன வேண்டும்?

13-8, செவ்வாய்

அம்மாவுக்குத் தைலம் வாங்க மறந்தேன்.

நூலகத்தில் உணவுத் தரம் பற்றிய புத்தகம். நாட்டுக்கு நாடு வேறு வேறு அளவு இருக்கக்கூடாது என்று ரோமிலும் ஜெனிவாவிலும் கூடிப் பேசுகிறார்கள். வரைவு ஒவ்வோர் அரசுக்கும் போகும், கருத்தோடு திரும்பும், மறுபடி கூட்டம். ஆண்டுக்கணக்காக இழுக்கும். காசுள்ள நாடு ஆய்வுக்கூடத்தோடு வரும். மற்றவர்கள் வந்தால் வருவார்கள். மிளகாய் காயப்போடும் களத்தை அங்கே யார் பார்த்திருப்பார்கள்?

ஆனால் ஈரல் எல்லா நாட்டிலும் ஒன்றுதான். அவர்கள் திருப்பியது சரி. இதை எழுதவும் எரிச்சல்.

14-8, புதன்

திரும்பி வந்த சரக்கை முதலாளி அரைத்து மம்சாபுரம் கடைகளுக்கு அனுப்பப் போகிறாராம். மில்லுக்குக் கொண்டுபோகச் சனிக்கிழமை லாரி. காம்பு கிள்ளும் பெண்களுக்கு ஆளுக்கொரு பை வற்றல் இனாம். தாராள மனசு!

கேட்டேன். "நீ எம்.எஸ்ஸி. படிச்ச பொண்ணுன்னுதான் லெட்டர் அடிக்க வச்சிருக்கேன், வைத்தியம் பாக்க இல்ல. நம்ம ஆளுக எம்புட்டுத் தின்னாலும் ஒண்ணும் செய்யாது."

சட்டம் இங்கேயும் இருக்கிறது. மாதிரி எடுத்துச் சோதிக்க ஆள்தான் வருவதில்லை. அந்நியன் தட்டுக்குக் காவல் உண்டு. மம்சாபுரத்துத் தட்டுக்கு?

காம்பு கிள்ளும் பாக்கியத்திடம் அந்தப் பையைத் தொடாதே என்றேன். "வெயில்ல ஒரு நா காயப்போட்டா சரியாப் போயிரும் தாயி." போகாது என்றேன். "அம்புட்டு விஷம்னா மொதலாளி குடுப்பாரா?"

16-8, வெள்ளி

தலைவலி. தைலம் இன்றும் மறந்தேன். யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை.

17-8, சனி

வெயில். நாளை முதலாளி மகளுக்கு வளைகாப்பு. சமையல்காரர் வற்றல் எடுக்கக் குடோனுக்கு வந்தார். கப்பல் மூட்டையை அவிழ்த்ததுதான் தாமதம், முதலாளி வாசலிலிருந்தே கத்தினார்: "ஏலே, அதைத் தொடாத! வீட்டுக்குத் தளவாய்புரத்துல இருந்து வேற வருது. புள்ளத்தாச்சி சாப்பிடுறது!"

காம்பு கிள்ளிய கைகள் எல்லாம் நின்றன.

பாக்கியம்தான் எழுந்தாள். "ஏன் மொதலாளி, அவிய சாப்பிட ஆகாதா இது?"

"ஒன் வேலையப் பாரு, ஏட்டி."

"நேத்து எம் புள்ளைக்கு இதுலதான் கொழம்பு வச்சேன்."

அவர் என்னைப் பார்த்தார், நான் எதையாவது சொல்லிச் சமாளிப்பேன் என்று. சொன்னேன். எல்லோருக்கும் கேட்கும்படி, தண்ணீர் தெளித்ததிலிருந்து ஈரல் வரை.

லாரி வந்து நிற்கிறது. மூட்டை தூக்க ஆள் இல்லை. திங்கட்கிழமை எனக்கு வேலை இருக்காது. தைலம் வாங்கிவிட்டேன்.