மூன்றாவது கிளாஸ் கேட்டு வந்த குழுவை வழிமறித்த மாசிரேயை ஞாயிற்றுக்கிழமைக்குள் விடுவிக்கக் கோரி

அனுப்புநர்:
ஸுமாய்லா திராவோரே,
ஓய்வுபெற்ற படகுத்துறைக் கண்காணிப்பாளர்,
துறைமேடு, சானுபுகு.

பெறுநர்:
உயர்திரு ஃபூசெய்னி ஜாரா அவர்கள்,
வட்ட ஆட்சியர்,
சானுபுகு வட்டம்.

பொருள்: என் அண்ணன் மகளும் மீன் வியாபாரியுமான மாசிரே திராவோரே, குடியரசுத் தலைவரின் பதவிக்காலம் குறித்துப் பாயில் படுத்தபடி கேள்வி கேட்டமைக்காகக் காவல் நிலையத்தில் வைக்கப்பட்டிருப்பது, அவரை விடுவிக்க வேண்டுவது தொடர்பாக.

மாட்சிமை பொருந்திய ஐயா, காராமணி தின்னும் குலத்தின் கலங்கரை விளக்கே,

1. இம்மனுவில் வருவதை யாரும் நம்பப்போவதில்லை என்று முன்கூட்டியே சத்தியம் செய்து கொடுக்கிறேன். என் மனைவி நம்பவில்லை. காகிதம் விற்ற கடைக்காரரோ, நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் காகிதத்தைத் திருப்பிக் கேட்டார். ஆகவே தாங்களும் நம்ப வேண்டாம். நடவடிக்கை மட்டும் எடுத்தால் போதும்.

2. மனுதாரனாகிய நான் திராவோரே, தாங்கள் ஜாரா. நம் இரு குலங்களும் ஏழு நூற்றாண்டாகக் கேலிமுறை. ஒரு திராவோரே ஒரு ஜாராவைக் கண்டால் 'காராமணி தின்னி' என்று அழைக்கக் கடமைப்பட்டவன். அழைக்காமல் போனால் அவனுக்கு உடம்பு சரியில்லை என்று பொருள். ஜாராவும் பதிலுக்கு எதை வேண்டுமானாலும் சொல்லலாம். கோபப்பட மட்டும் கூடாது. கோபித்தவர் குற்றவாளி. இந்தச் சட்டம் எந்தக் காகிதத்திலும் இல்லை. ஆனாலும் இதை மீறிவிட்டு ஊருக்குள் தலைநிமிர்ந்து நடந்தவர் எவருமில்லை. தங்களுக்கு இதை விளக்குவது கெளுத்திக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பது போலத்தான். தலைநகரிலிருந்து வந்த ஒரு ஜாராவுக்கு இது மறந்துபோய்விட்டதால், கோப்பில் கிடக்கட்டும் என்று எழுதுகிறேன்.

3. கடந்த திங்களன்று 'மக்கள் வேண்டுகோள் குழு' எங்கள் துறைக்கு வந்தது. நமது குடியரசுத் தலைவருக்கு இந்த ஆண்டோடு இரண்டாம் தவணை முடிகிறது. அரசியலமைப்பு இரண்டுக்கு மேல் அனுமதிக்கவில்லை. எனவே மூன்றாவதாகவும் இருந்தருள வேண்டும் என்று மக்களே அவரைக் கெஞ்சுவதாகக் காட்ட, இக்குழு ஊர் ஊராகச் சுற்றுகிறது. குழுவின் தலைவர் திரு. மொலோபாலி ஜாரா. அவருடைய வாகன வரிசையின் தலை எங்கள் துறையில் மதிய உணவு உண்டபோது, வால் இன்னும் தலைநகரில் காலைக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தது. கிளம்பிய புழுதியில் இருட்டிவிட்டதென்று கோழிகள் நண்பகலில் அடைந்தன. ஒலிபெருக்கியின் அதிர்ச்சியில் ஆற்றுக் கெளுத்திகள் கரையேறி, தாமாகவே உப்புத் தடவிக்கொண்டன.

4. திரு. மொலோபாலி உரையாற்றினார். சட்டத்தில் சில பக்கங்களைத் திருத்தியிருப்பதால் பழைய தவணைகள் கணக்கில் வரா என்றும், எண்ணிக்கை சுழியத்திலிருந்து தொடங்குகிறது என்றும் சொன்னார். என் வீட்டுக்கு நான்கு வருடத்துக்கு முன் புதுக் கூரை போட்டேன். இந்தக் கணக்குப்படி எனக்கு நான்கு வயது; வரி கட்டச் சொல்லி எனக்கு வந்த அறிவிப்பைத் தாங்கள் இரத்து செய்ய வேண்டும். அது தனி மனுவாக வரும்.

5. அடுத்து அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "நம்ம ஊருல டீ போட்டா எத்தன கிளாஸ்? மூணு. முதல் கிளாஸ் கசப்பு, ரெண்டாவது பதம், மூணாவதுதான் இனிப்பு. நம்ம தலைவரு ரெண்டு கிளாஸ் ஊத்திட்டாரு. இனிப்பு வர்ற நேரத்துல எந்திரிச்சுப் போங்கன்னு சொல்லலாமா?"

6. பந்தலிலிருந்தவர்கள் கைதட்டினார்கள். குழு அக்கரைக்குப் போகக் கிளம்பியது. படகு மேடையின் குறுக்கே ஒரு பாய் விரிக்கப்பட்டிருந்தது. பாயில் என் அண்ணன் மகள் மாசிரே, தலை முதல் கால் வரை வெள்ளைத் துணி போர்த்தி, நெஞ்சின் மேல் அரசியலமைப்புச் சட்டப் புத்தகத்தை வைத்துக்கொண்டு படுத்திருந்தாள்.

7. இது நம் இழவு வீடுகளில் வழக்கம்தான். சடலம் புறப்படும்போது கேலிமுறைப் பெண் வழியில் படுத்து மறிப்பாள். மரியாதைக்கு மெல்லத் தரும் கோலாக்கொட்டையைக் கொடுத்துச் சிரிக்க வைத்துத்தான் எழுப்ப வேண்டும். துக்கத்தை அப்படித்தான் நாம் தூக்குகிறோம். துணிக்குள்ளிருந்து அவள் சொன்ன வாசகம் இதுவே: "காராமணி மச்சான், சட்டம் செத்துப்போச்சுன்னா அடக்கச் செலவுக்குக் கோலாக்கொட்டை குடுத்துட்டுப் போ. சாகலேன்னா, இதுல தலைவருக்கு எத்தன தவணைன்னு போட்டிருக்கோ, அத ஒரு தடவ சத்தமா வாசிச்சுட்டுப் போ. ரெண்டுல எது சுலபமோ அதச் செய்யி."

திரு. மொலோபாலி டீயைப் பற்றி மறுபடியும் ஏதோ தொடங்கினார். அதற்கு அவள்: "மூணாவது கிளாஸ் ஆனதும் தேயிலையக் கோழிக்குக் கொட்டிருவோம் மச்சான். ஒங்க தலைவருக்கு அது சம்மதமான்னு கேட்டுச் சொல்லு."

8. துறையே சிரித்தது. கழுதைகள் சிரித்தன. தாங்களும் சிரித்தீர்கள் ஐயா. தங்களுக்குப் பின்னால் நின்ற எனக்குத் தங்கள் தோள்கள் குலுங்குவது தெரிந்தது. பிறகு திரு. மொலோபாலி திரும்பிப் பார்த்தார். தாங்கள் நிறுத்திக்கொண்டீர்கள். ஒரு ஜாரா, திராவோரே பெண்ணின் கேலிக்குக் கோபித்ததை அன்றுதான் என் வாழ்நாளில் முதன்முறையாகக் கண்டேன். அவர் கோலாக்கொட்டையும் கொடுக்கவில்லை, வாசிக்கவும் இல்லை. தங்கள் காதில் ஏதோ சொன்னார். தாங்கள் வாய்மொழியாக உத்தரவிட்டீர்கள். மாசிரேயைப் பாயோடு தூக்கிப் போனார்கள்.

9. இன்று வெள்ளி. குற்றம் இன்னதென்று இதுவரை எவரும் எழுதவில்லை. குற்றம் எழுதாமல் ஒருவரை இரண்டு நாளுக்கு மேல் நிலையத்தில் வைக்கக் கூடாதென்பதும் அதே புத்தகத்தில்தான் இருக்கிறது. ஒரு மனிதரை நாற்காலியில் எத்தனை காலம் வைக்கலாம் என்று சொல்லும் சட்டமே, ஒரு மனுஷியைப் பூட்டிய அறையில் எத்தனை காலம் வைக்கலாம் என்றும் சொல்கிறது. முதலாவதை மறக்கப் பழகியவர்களுக்கு இரண்டாவது தானாக மறந்துவிடுகிறது. மற்றதெல்லாம் வேடிக்கையாகவே இருக்கட்டும். இந்தப் பத்தியை மட்டும் தாங்கள் சிரிக்காமல் படிக்க வேண்டுகிறேன்.

10. நிலையத்தின் அவலத்தையும் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். நிலையத் தலைவர் கோனே குலத்தவர். ஜாராவும் கோனேயும் ஒரே பானையில் உண்ணும் உறவு என்பதால் அவரும் எங்களுக்குக் கேலிமுறை. அவள் கேட்டதை மறுக்க முடியாது. நேற்று அவர் என்னைக் கண்டு கண்கலங்கிச் சொன்னது: "பெரியவரே, ஒங்க அண்ணன் மகள எப்படியாவது கூட்டிட்டுப் போங்க. தலைகாணி கேட்டாங்க, குடுத்தேன். வறுத்த மீனு கேட்டாங்க, வாங்கிக் குடுத்தா சரியா வேகலன்னு திட்டறாங்க. இன்னைக்குக் காலையில என் நாற்காலி முன்னாடி வந்து நின்னு, 'ரெண்டு நாளு ஒக்காந்தாச்சுல்ல, எந்திரி மச்சான்'ங்கறாங்க. எந்திரிச்சுட்டேன். வேற என்ன செய்யறது?" கதவைத் திறக்க மட்டும் அவருக்குத் தங்கள் உத்தரவு வேண்டுமாம். தற்சமயம் அந்நிலையம் மாசிரேயின் காவலில் இருக்கிறது.

11. ஆனால், ஐயா, ஞாயிற்றுக்கிழமை அவளுடைய ஒரே மகள் நியெலேவுக்கு நகர மன்றத்தில் திருமணப் பதிவு. ஊருக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது, ஆடுகள் வந்துவிட்டன. பெண்ணோ, "அம்மா வராம நான் அந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன் தாத்தா. மாப்பிள்ளைக்கு அவசரம்னா ஸ்டேஷனுக்கு வந்து கையெழுத்துப் போடட்டும்" என்கிறாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு மருதாணி வைத்த கையைக் கண்ணில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முழங்கையால் துடைத்துக்கொண்டாள்.

12. மனுதாரன் முப்பது வருடம் படகுத்துறையில் இருந்தவன். அக்கரை வந்தபிறகும் இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்த பயணிகள் உண்டு. பெரிய மனிதர்களும் உண்டு. அவர்களை யாரும் அடித்ததில்லை. 'கரை வந்துருச்சு ஐயா, அடுத்த ஆளு நிக்கறாங்க' என்று சொல்வோம். அவர்களும் அங்கியின் விளிம்பைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். இறங்காதிருந்தால் இந்த ஊரில் பாதிப்பேர் இன்னும் அக்கரையில்தான் நின்றுகொண்டிருப்பார்கள். மாசிரே அதைத்தான் சொன்னாள். கொஞ்சம் படுத்துக்கொண்டு சொன்னாள்.

13. ஆகவே தாங்கள் கருணை கூர்ந்து, மேற்படி மாசிரேயை ஞாயிறு காலைக்குள் விடுவித்து, அவள் தன் மகளுக்குப் பக்கத்தில் நிற்க ஆவன செய்யுமாறு மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். திரு. மொலோபாலி தர வேண்டிய கோலாக்கொட்டையை, குல வழக்கப்படி, தாங்கள் தந்தாலும் ஏற்கப்படும்.

14. இறுதியாக ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். வாகனங்கள் மூன்றுதான். கழுதைகள் சிரிக்கவில்லை. கெளுத்திகள் ஆற்றிலேயே இருக்கின்றன. இப்படி எதையும் ஊதிப் பெருக்குவது என் சுபாவம் என்பதால்தான் இவ்வளவும் வந்தது. எழுதப் படிக்கத் தெரியாத மாசிரே, அந்தப் புத்தகத்தைச் சந்தையில் வாங்கி முதலில் என்னிடம்தான் நீட்டினாள். நான் வாசித்துக் காட்டினேன். "நீ சொன்னா யாரு நம்புவா சித்தப்பா? ஒரு அரசாங்கத்து ஆளு வாசிக்கட்டும், அப்ப நம்பறேன்" என்று சொல்லித்தான் பாயை எடுத்துக்கொண்டு துறைக்குப் போனாள். எனவே கதவைத் திறக்க வரும்போது, ஐயா, அந்த ஒரு வரியைத் தங்கள் வாயால் அவளுக்கு வாசித்துக் காட்டுங்கள். அதில் 'இரண்டு' என்றுதான் போட்டிருக்கிறது. அதை மட்டும் நான் ஊதிப் பெருக்கவில்லை.

இடம்: சானுபுகு துறைமேடு
நாள்: பெருநாள் கழிந்த மூன்றாம் வெள்ளி

தங்கள் பணிவுள்ள மனுதாரரும், கேலிமுறைப்படி தங்கள் எஜமானருமாகிய,
(ஒப்பம்) ஸுமாய்லா திராவோரே