கட்டுகஸ்தோட்டை அச்சுக்கடையில் லேசர் பழகியது

19 ஜன. 2009, திங்கள்
காலையில் மூடுபனி. உடுப்பு காயவில்லை. ஈரச்சட்டையோடு கடைக்கு.

லேசர் மெஷின் வந்து ஒரு கிழமை. விளக்கப் புத்தகம் முழுக்கச் சீனம். முதலாளி நானா கையை விரித்துவிட்டார். "டிசைன் கீறுறது நீங்கதானே புள்ள, நீங்களே பழகிக்கோங்க. மாசக் கடைசிக்குள்ள பழகினா வேல நிரந்தரம்." நிரந்தரமானால் ஒரு அறை எடுக்கலாம், அம்மாவை யாழ்ப்பாணத்திலிருந்து கூப்பிடலாம். அங்கே தனியக் கிடக்கிறா. வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

இன்றைக்குக் கருகியது: கலியாணக் கார்ட் ஐந்து.

21, புதன்
மழை. கரண்ட் போய் வந்து, போய் வந்து.

அட்டைக்கு வேகம் கூட, பவர் குறைய. அக்ரிலிக்குக்கு மறுவளம்: வேகம் குறைய, பவர் கூட. மேலே டேப் ஒட்டினால் புகைக்கறை இல்லை. பின்னேரம் ஒரு கார்ட் சுத்தமாக வந்தது. மல்லிகைக் கொடி, ஓரம் கருகாமல். நானா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து "மாஷா அல்லாஹ்" என்றார். சந்தோஷம். உடனே பயம். நல்லது நடந்தால் எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

பஸ்ஸில் பின்சீட்: "வன்னியில இருந்து ஒரு கதையும் இல்லை." "சத்தமாக் கதையாதேங்கோ."

23, வெள்ளி
என் விசர்ப் புத்தி. அக்ரிலிக் முடிந்துவிட்டது. கழிவுக்குள் கிடந்த பழைய பெயர்ப்பலகைத் துண்டை அக்ரிலிக் என்று நினைத்து வைத்தேன். அது பிவிசி பிளாஸ்டிக். வெட்ட வெட்ட நாற்றப் புகை, தொண்டை எரிவு. புகைக்குழாய் போவது பின்னால் பஸ் நிற்கும் இடத்துக்கு. சனம் இருமி ஓட, யாரோ "காஸ் குண்டு" என்று கத்த, பொலிஸ்.

என் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். அதற்குப் பிறகு சார்ஜன்ட் வேறு ஒருவரையும் பார்க்கவில்லை. மெஷினைப் போட்டது யார் என்று கேட்டார்.

நானா சிங்களத்தில் சொன்னார்: நான்தான். இந்தப் பிள்ளை கடை கூட்டித் துடைக்க வருகிறவள். மெஷினைப் பற்றி ஒன்றும் தெரியாது.

விட்டார்கள். இனி அடிக்கடி வந்து பார்ப்பார்களாம். "மன்னிச்சிக்கோங்க புள்ள, வேற என்னத்தச் சொல்ற நான்?" என்றார் நானா. அவர்மேல் கோபப்படக்கூட வழியில்லை.

27, செவ்வாய்
மெஷினுக்குச் சமிந்த என்று ஒருவரை எடுத்திருக்கிறார். கம்ப்யூட்டரும் அவருக்கே. எனக்குத் தும்புத்தடி; பொலிஸ் வந்தால் கூட்டிக்கொண்டு நிற்க வேண்டும். சம்பளம் குறைக்கவில்லை, பாவம் நானா. நிரந்தரம் என்ற பேச்சே இல்லை.

அம்மா போனில்: "வேலை எப்பிடிப் பிள்ளை?"
"நல்லாப் போகுதம்மா."
"அப்ப நான் எப்ப வாறது?"
லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

29, வியாழன்
வெயில். உடுப்பு தோய்த்தேன்.

சார்ஜன்ட் வந்தார். தன் வீட்டுக்குப் பெயர்ப்பலகை வேண்டுமாம். மெஷினுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். சமிந்த மூன்றாம் தரமும் அக்ரிலிக்கை உருக்கினார். நல்ல மனுசன். வியர்த்துப்போய் என்னிடம் கேட்டார்: அக்கா, முந்தி இதுக்கு எந்த வேகம் வைத்தார்கள்? கண்டிருப்பீர்களே?

வேகம் பன்னிரண்டு. பவர் அறுபது.

சார்ஜன்ட் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தெரியாது என்றேன், சிங்களத்தில். உருகின துண்டுகளைக் கூட்டி அள்ளினேன்.