ஆயில் டப்பாவைத் தேட வேண்டாம்

என்னங்க,

சாப்பாடு மேசையில் மூடியிருக்கிறது. காருக்கு நீங்கள் வாங்கிய கெட்டி ஆயிலைத் தேடாதீர்கள். கடையில் மாற்ற எடுத்துப் போகிறேன்.

நேற்று ஆயில் சண்டைக்குப் பிறகு, "ஏன்டி ஊமைக்கோட்டான் மாதிரி உக்காந்திருக்கே?" என்று கேட்டீர்கள். கோபமில்லை. கார் கையேட்டைப் படித்துக்கொண்டிருந்தேன். பாரத்தோடு மலை ஏறினால் வழக்கமானதைவிடக் கொஞ்சம் கெட்டியான ஆயில் ஊற்றலாமாம். மகளை மூட்டை முடிச்சோடு மலைமேலுள்ள கல்லூரி விடுதியில் விடப் போகிறோமே, பாதி நியாயம் உங்கள் பக்கம்தான். ஆனால் நீங்கள் வாங்கியது தார். அதனால் இன்ஜின் கெட்டால், வாரண்டி இல்லையென்று கார் கம்பெனியில் கையை விரித்துவிடுவார்கள்.

சரியானதைக் கொண்டுவருகிறேன். நீங்களே ஊற்றுங்கள், டார்ச் நான் பிடிக்கிறேன்.

பி.கு.: அவள் போனபின் வீட்டில் நாம் இருவர்தான். நான் பேசாமலிருந்தால், நேற்றுபோலத் திட்டியாவது கேளுங்கள்.