காயமில்லாத கட்டு

இல்லை அப்பா, பயந்துதான் செய்தீர்கள் என்று இனி என்னால் சொல்ல முடியாது.

இன்று நான் பாடம் சொல்லும் பள்ளிக்கூடப் படியில் ஒரு சிறுமி விழுந்து முழங்காலைக் கிழித்துக்கொண்டாள். அலுமாரியில் இருந்த அயோடின் புட்டியைத் திறந்தேன். அந்த வாசனை. பதுளையில் இருக்கிறேன் என்பது ஒரு கணம் மறந்துபோயிற்று. மடுல்சீமைத் தோட்டத்து மருந்துச்சாலை வாசலில் நின்றேன். நீங்கள் உள்ளே இருந்தீர்கள்.

சட்டசபைத் தேர்தலுக்கு முந்தின நாள் அது. தேயிலைச் செடி வெட்டிக்கொண்டிருந்த மூன்று பேரைப் பெரிய கங்காணி நேரே மலையிலிருந்து கூட்டி வந்திருந்தார்.

"டாக்டரையா, இவனுங்க தலையில கட்டுப் போட்டு விடணும்."

"காயம் எங்கே?"

"காயம் எதுக்குங்க? நாளைக்கு வண்டியில ஏத்திப் பதுளைக் கடைவீதியைச் சுத்தி வரப்போறோம். கடைக்காரங்க ஆள் வச்சு அடிச்சுப்புட்டாங்கன்னு சொல்லணும். அம்புட்டுத்தான்."

அன்றைக்கும் மறுநாளைக்கும் மலையில் வேலை செய்ததாகவே அவர்களுக்குப் பேர் விழும், கூலியும் கிடைக்கும். ஒருவன் சிரித்தான்.

"எனக்குப் பெரிய கட்டாப் போடுங்கையா. வீட்டுக்காரி இன்னைக்காச்சும் சோத்தைச் சூடாப் போடுவா."

கட்டினீர்கள். சுருக்கம் இல்லாமல், பிசிறு இல்லாமல். கங்காணி திருப்தியோடு கிளம்பினார். நிறுத்தியது நீங்கள்.

"இருங்க கங்காணி. வாசனை இல்லாட்டி யாரு நம்புவா?"

மூன்று தலையிலும் அயோடினை ஊற்றினீர்கள். பழைய ரத்தம் போல் துணியில் பரவியது.

அவர் துணி மட்டும்தான் கேட்டார்.

இத்தனை வருஷமாக உங்களுக்காக நானே வாதாடி வந்திருக்கிறேன். குடியிருந்த வீடு தோட்டத்து வீடு. கங்காணி துரையிடம் ஒரு வார்த்தை சொன்னால் மூட்டை கட்ட வேண்டியதுதான். எல்லாம் சரி. அந்த அயோடின் மட்டும் இந்த வாதத்துக்குள் அடங்கவில்லை.

மறுநாள் அந்த மூவரின் பின்னால் கூலிக்குப் பிடித்த சண்டியர்கள் வந்தார்கள். நம்ம ஆளை அடிச்சவன் எவன்டா என்று கேட்டுக்கொண்டே கடைகளுக்குள் நுழைந்தார்கள். துணிக்கடைக் காதர் நானாவின் வலது கையை முறித்தார்கள். எதிர் வேட்பாளருக்கு ஓட்டுப் போட இருந்த கடைக்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டு மாலை வரை வெளியே வரவில்லை. கங்காணி வேலை செய்த வேட்பாளர் ஜெயித்தார். காதர் நானாவின் கையைப் பற்றிச் செய்தி வந்தபோது நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். உங்கள் கை நின்றது. பிறகு மோர் கேட்டீர்கள்.

ஜெயித்தவரின் மோட்டார் கார் அடுத்த மாதம் தோட்டத்துக்கு வந்தது. "மகள் கெட்டிக்காரியாமே. மதராஸில் படிக்கட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். நீங்கள் ஆச்சரியப்படவில்லை. அதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். இந்தப் பேச்சு முடிந்தது கட்டுக்குப் பின்பா, முன்பா?

அப்போது ரயில் பண்டாரவளை வரைதான். ஸ்டேஷனில் என் பெட்டியை ஏற்றிவிட்டு நின்றீர்கள். அந்தக் கட்டைப் பற்றிக் கேட்டேன். "படிக்கப் போற பிள்ளைக்கு அதெல்லாம் எதுக்கும்மா?" என்றீர்கள். உங்கள் கண் கலங்கியிருந்தது. அந்தக் கண்ணையும் இப்போது சந்தேகப்படுகிறேன். மகளைப் பிரியும் கண்ணா அது? தெரியவில்லை. நீங்கள் இன்று உயிரோடு இருந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

மதராஸில் நிறையப் படித்தேன். சுதந்திரம் பற்றி. மனச்சாட்சி பற்றி. விடுதிக் கட்டணத்தை அவர் கட்டினார்.

இப்போது மறுபடியும் தேர்தல். நேற்று அவருடைய ஆள் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நான் மேடையேற வேண்டுமாம். ஒரு தோட்டத்துப் பிள்ளையைப் படிக்க வைத்தவர் இவர் என்று என் வாயால் சொல்ல வேண்டுமாம்.

"அப்பா செஞ்ச உதவியை ஐயா மறக்கல டீச்சரம்மா."

"எந்த உதவி?"

"உங்களுக்குத் தெரியாததா?" சிரித்தார். கிளம்பும்போது, இந்த வேலையும் ஐயா சொல்லித்தானே கிடைத்தது என்று வராந்தாத் தூணைப் பார்த்துச் சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

இன்று பள்ளி விட்டதும் காதர் நானாவின் கடைக்குப் போனேன். இடது கையால் துணி கிழித்துக்கொண்டிருந்தார். சொன்னேன். அந்த மூன்று தலையிலும் காயம் இல்லை, கட்டுப் போட்டது என் அப்பா, அயோடினும் அவரே ஊற்றினார்.

அவர் கோபப்படவில்லை. துணியை மடித்து வைத்தார்.

"என்ட கை முறிஞ்சது எனக்குத் தெரியும் மகள். இத எனக்கிட்டச் சொல்லி என்னத்துக்கு? அண்டைக்கு அந்தக் கட்டப் பார்த்து நம்பின சனம் ஊரெல்லாம் இருக்கு. அவங்களுக்கிட்டச் சொல்லுங்க."

நீங்கள் எனக்கு விட்டுப்போனதில் வீடு இல்லை, நிலம் இல்லை. இந்தப் படிப்பு மட்டும்தான். யாரிடமிருந்து வந்தது, எதற்காக வந்தது என்று தெரிந்த பிறகும் அதைக் கழற்றி வைக்க முடியவில்லை. அதை வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும். உங்கள் பெயரை விட்டுவிட்டுச் சொன்னால் அது பாதிப் பொய்யாகிவிடும். வேலை போகும். மடுல்சீமையில் இன்னும் உங்களைக் கும்பிட்டுப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அதுவும் போகும்.

கடையிலிருந்து நேரே, நேற்றுப் பள்ளிக்கு வந்த அந்த ஆளின் வீட்டுக்கு நடந்தேன். ஞாயிற்றுக்கிழமை மேடையில் பேச வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.