வராதவளுக்குப் போட்ட சைபர்

திருமுல்கேரி,
மார்ச் 11, செவ்வாய்

அன்புள்ள பூபாலனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம், அங்கே நீயும் மருமகளும் குழந்தை சாஹித்யாவும் நன்றாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர இந்த நாலு நாளாக எனக்கு வேறு நினைப்பே இல்லை. போன் செய்தால் நீ எடுப்பதில்லை, எடுத்தாலும் பாதியில் வைத்துவிடுகிறாய், அதனால்தான் கையால் எழுதிப் படம் பிடித்து உன் சொந்த நம்பருக்கு அனுப்புகிறேன். எழுத்து கொஞ்சம் ஆடும், பொறுத்துக்கொண்டு கடைசி வரை படி.

போலாரம் பள்ளிக்கூடத்தில் என்னிடம் கேட்கப்பட்ட ஒரு கேள்வியை உனக்கு நான் சொன்னதே இல்லை, வெட்கம்தான் காரணம். எட்டாம் வகுப்பில் பிந்து என்று ஒரு பெண், அரையாண்டுப் பரீட்சை மார்க் கொடுத்த அன்று என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்று, சார், நான் பரீட்சைக்கே வரலையே, எனக்கு எப்படி சார் சைபர் வந்துச்சு என்று கேட்டாள். டைபாய்டில் படுத்திருந்த பெண். அவள் பெயருக்கு நேரே ஆப்சென்ட் என்று எழுதியிருக்க வேண்டும், ஆனால் சாயங்காலத்துக்குள் வகுப்பின் சராசரி வேண்டும் என்று ஹெட்மாஸ்டர் தலைக்கு மேல் நின்றார், காலிக் கட்டத்தை எதோடு கூட்டுவது, சைபர் போட்டால் கூட்டல் ஓடும், போட்டுவிட்டேன். கணக்கு வாத்தியார் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. அவள் கேட்டாள், அதனால் திருத்திக் கொடுத்தேன். கேட்காமல் இருந்திருந்தால் அந்த சைபர் இன்றும் அந்த ரிஜிஸ்டரில் இருக்கும்.

இப்போது எதற்கு இந்தக் கதை என்று கேட்பாய். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாடியிலிருந்து சபீனா பாத்திரம் திருப்பிக் கொடுக்க இறங்கி வந்தாள். உங்கள் பிளான்ட்டுக்கு சாப்ட்வேர் எழுதும் மாதாப்பூர் கம்பெனியில் வேலை, கணவனுக்கு இங்கே ராணுவத்தில் போஸ்டிங், வீடு கிடைக்காமல் அலைகிறாள் என்று போன வருஷம் மாதாப்பூர் மீட்டிங்குக்கு வந்தபோது நீயே கூட்டிவந்து குடிவைத்த பெண். உன் அம்மா சும்மா இருப்பாளா, பூபாலனோட புது சிஸ்டம் வர்ற இருபதாம் தேதி திறக்கப் போறாங்களாம், மந்திரியே வர்றாராம், பாதுகாப்பா இருக்குன்னு எங்க பிள்ளை கையெழுத்துப் போட்டாத்தான் ஓடுமாம் என்று பெருமையாகச் சொன்னாள். அந்தப் பெண்ணின் முகம் அப்படியே மாறிப்போயிற்று. வாசல் வரை போனவள் திரும்பி வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அங்கிள், பூபாலன் சாரா கையெழுத்துப் போடறார், வேற யாரோ பெரியவங்க போடறாங்கன்னுல்ல நினைச்சேன் என்றாள். ஏம்மா, ஏதாவது கோளாறா என்று கேட்டேன். ஹவ் அங்கிள், ஆமா என்று சொல்லிவிட்டு மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அவள் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன், தப்பிருந்தால் நீ திருத்து. அங்கே வளைகுடாவில் உங்கள் கேஸ் பிளான்ட்டில் பழைய கம்பி மீட்டர்களை எல்லாம் எடுத்துவிட்டு, பேட்டரியில் ஓடும் அறுநூறு சென்சார் வைத்திருக்கிறார்கள். கேஸ் கசிந்தால் அது காற்றிலேயே சேதி அனுப்பும். பேட்டரி தீர்ந்தாலோ மணல் காற்று அடித்தாலோ சேதி வராது, அப்போது திரையில் அந்த இடம் சிவப்பாக 'பதில் இல்லை' என்று காட்ட வேண்டும், முதலில் அப்படித்தான் எழுதினார்களாம். பெரியவர்களுக்குக் காட்டிய அன்று மணல் காற்று, நாற்பது இடம் சிவப்பு. என்ன இது, திரைக்கு அம்மை போட்ட மாதிரி இருக்கு, மந்திரி வந்து பார்த்தா என்ன நினைப்பார் என்று கேட்டார்களாம். அதற்குப் பிறகு பதில் வராத இடத்தில் எல்லாம் சைபர் போட்டுப் பச்சையாக்கச் சொல்லிவிட்டார்கள். சபீனா இது ஆபத்து என்று குறை எழுதும் பட்டியலில் எழுதியிருக்கிறாள், அவசரம் இல்லை, அடுத்த முறை பார்க்கலாம் என்று குறித்து மூடிவிட்டார்களாம். அந்தப் பட்டியலை உனக்கு யாரும் காட்டியிருக்க மாட்டார்கள். நக்கோ அங்கிள், வேண்டாம், என் பேரு மட்டும் வெளிய வரக் கூடாது, வேலை போயிடும் என்று கையைப் பிடித்துக்கொண்டாள். சரி என்று வாக்குக் கொடுத்தேன். எழுபத்தொரு வயதில் கொடுத்த வாக்கை நாலே நாளில் உன்னிடம் உடைக்கிறேன் என்றால் என் நிலைமையைப் பார்த்துக்கொள்.

சனிக்கிழமை போனில் பெயரைச் சொல்லாமல் உன்னிடம் கேட்டபோது நீ சொன்னது ஒவ்வொன்றும் எனக்கு நினைவிருக்கிறது. அப்பா, இந்த நாடே எண்ணெயிலும் கேஸிலும்தான் சோறு சாப்பிடுது, ஊசி மீட்டரை வெச்சுக்கிட்டு இருபது வருஷம் பின்னாடி நிக்கறோம், அரசாங்கம் இவ்வளவு பெரிய முதலீடு பண்ணி மூணு வருஷம் ஆச்சு, சின்னச் சின்னக் குறைக்கெல்லாம் நிறுத்த முடியாது என்றாய். நான் விடாமல் கேட்டதும், நான் போடலைன்னா வேற ஆளை வெச்சுப் போட்டுக்குவாங்க, நான் திருமுல்கேரிக்கு வந்து உங்களை மாதிரி ட்யூஷன் எடுக்கணும், அதானே உங்களுக்கு வேணும் என்று சொல்லி வைத்துவிட்டாய். கோபத்தில் சொன்னது, அதை நான் மனதில் வைக்கவில்லை. ஆனால் உன்னைப் படிக்க வைத்தது அந்த ட்யூஷன்தானப்பா, அது அவ்வளவு கேவலமான வேலை இல்லை.

நான் புதுசுக்கு எதிரி இல்லை, அது உனக்கே தெரியும். என் சர்க்கரை பார்க்கும் மெஷினை எடுத்துக்கொள், பட்டை ஈரமாகிவிட்டால் தப்பான எண்ணைக் காட்டாது, எனக்குத் தெரியவில்லை என்று இரண்டு எழுத்தைக் காட்டி நின்றுவிடும். ஆயிரம் ரூபாய் மெஷின் அது. அந்த நாணயம் ஒரு தேசமே பணம் போட்டு வாங்கிய திரைக்கு இருக்க வேண்டாமா. என் ரிஜிஸ்டரில் சைபர் என்றால் பெயில், அதனால் பிந்து வந்து சண்டை போட்டாள். உன் திரையில் சைபர் என்றால் கேஸ் இல்லை, தைரியமாக உள்ளே போ என்று அர்த்தம். பாஸானவன் எவனாவது வந்து எனக்கு ஏன் பாஸ் போட்டீர்கள் என்று கேட்பானா? உள்ளே போனவன் வெளியே வந்தால்தானே கேட்பதற்கு.

நீயே எனக்குச் சொல்லிக் கொடுத்ததைச் சொல்கிறேன். அந்த விஷக் கேஸ் முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், அதிகமாகிவிட்டால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, அதனால் நாற்றம் நின்றால் கேஸ் போய்விட்டது என்று நினைக்காதே, மூக்கு போய்விட்டது என்று நினைத்து ஓடு என்று உன் ஆட்களுக்கு நீதான் வகுப்பு எடுத்தாய். வீடியோ காலில் உன் ஆட்களில் ஒருவரான சூசைராஜ் பக்கத்தில் நின்றுகொண்டு, ஐயா, சார் நடத்துற பாடத்துல தூங்கக்கூட முடியாதுங்க, நடுவுல கேள்வி கேட்டுருவார் என்று சிரித்தாரே. இருபதாம் தேதிக்குப் பிறகு அவரும் மற்ற ஆட்களும் கையில் கொண்டுபோகும் மீட்டரைத் திருப்பி ஒப்படைத்துவிட வேண்டும், திரை பச்சை என்றால் போகலாம் என்பதுதான் புது விதி என்று நீ பொங்கலுக்குப் பேசியபோது சொன்னாய். அன்று எனக்கு அது நல்ல சேதியாகப் பட்டது. இப்போது கண்ணை மூடினால் அந்த மனிதர் சிரித்துக்கொண்டே பச்சையைப் பார்த்துவிட்டு உள்ளே நடக்கிறார். பல சமயம் நீயும் கூடப் போகிறாய்.

அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. மூட்டு வலிக்கு எண்ணெய் மாற்றியதில் கொஞ்சம் தேவலை, காய்காரம்மாவிடம் மா அப்பாயி, மா அப்பாயி என்று தன் பிள்ளையின் பெருமையைத் தெலுங்கில் அளந்து கால் கிலோ வெண்டைக்காய் அதிகமாக வாங்கி வருகிறாள். ராத்திரி ஏன் எழுந்து நடக்கிறீர்கள் என்று கேட்டாள், புழுக்கம் என்றேன். அவளிடம் பொய் சொல்வதும் எனக்கு முடியவில்லை. வேலை போய்விடுமே, குழந்தையின் ஸ்கூல், விசா என்று நீ பயப்படுவது நியாயம், எனக்கும் அந்தப் பயம் இல்லாமல் இல்லை. போனால் வா. முன் அறையைக் காலி பண்ணித் தருகிறேன், சாஹித்யா என்னிடம் இங்கிலீஷிலேயே பதில் சொல்லட்டும், பரவாயில்லை. என் பிள்ளை கையெழுத்துப் போட்ட காகிதத்தின் பேரில் ஒருவர் உள்ளே போய்த் திரும்பாமல் இருந்தால் அதற்கு நான் என்ன செய்வேன் பூபாலா, உனக்கு எந்த அறையைத் தருவேன். கெஞ்சுகிறேன் என்றே வைத்துக்கொள்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், சபீனாவையும் நம்ப வேண்டாம். அவள் பெயரை எங்கேயும் எடுக்காதே, நீயே கண்டுபிடித்ததாக இருக்கட்டும், இந்தக் கடிதத்தையும் படித்ததும் அழித்துவிடு. உங்கள் மூவருக்கும் எங்கள் ஆசீர்வாதம், நீ தீர்க்காயுசாக இருக்க வேண்டும், உன்னோடு வேலை செய்கிறவர்களும் அப்படியே இருக்க வேண்டும். நாளைக் காலையில் முறைப்படி பெர்மிட் எடுத்துக்கொண்டு ஒரே ஒரு சென்சாரின் பேட்டரியைக் கழற்றி, சூசைராஜைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்த இடம் சிவப்பாகிறதா என்று அரைமணி நேரம் திரையைப் பார்.

உன் அப்பா,
வேதாசலம்