மறுபடி வரும் நாள்

அப்பாவுக்கு வணக்கம். முட்டிவலி குறைந்ததா? மாத்திரையை அம்மாவுக்குத் தெரியாமல் ஜன்னல் வழியே வீசாதீர்கள். நான் நலம்.

வகுப்பு முடிந்ததும் ஆய்வுக்காக வீடு வீடாகக் கேள்வி கேட்கப் போகிறேன் அல்லவா, போன வாரம் ஒரு வேடிக்கை. நாற்பது கேள்விக்கும் பொறுமையாகப் பதில் சொன்ன ஒருவர், "இப்ப என் முறைம்மா" என்று ஒரு வெற்றுப் படிவத்தை வாங்கிக்கொண்டு என்னைக் கேட்டார். பதில் சொன்னவர் மனம் கோணக்கூடாது என்பது எங்கள் பயிற்சி. வீட்டில் எத்தனை பேர்? நான் மட்டும். எத்தனை மணிக்குத் திரும்புவேன்? ஏழு. சிரித்துக்கொண்டே சொன்னேன். முகவரியை மட்டும் சொல்லவில்லை. படிவத்தை அங்கேயே மறந்துவிட்டு வந்தேன்.

நேற்று அது என் அறைக் கதவின் அடியில் கிடந்தது. முகவரி சரியாக எழுதியிருந்தது. மேற்பார்வையாளரிடம் காட்டினேன். "அப்பாடா, கணக்குல ஒண்ணு குறையுதேன்னு பார்த்தேன்" என்றார்.

பரணில் கிடக்கும் பெரிய பூட்டை அனுப்புங்கள். போனில் கேட்டால் அம்மா அழுவாள் என்றுதான் எழுதுகிறேன்.

படிவத்தின் கடைசியில் 'மறுபடி வரும் நாள்' என்று ஒரு கட்டம் உண்டு. அதை நாங்கள்தான் நிரப்புவோம். அந்த வீட்டுக்காரர் அதில் வியாழன் என்று எழுதியிருக்கிறார். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வருவதற்குள் வியாழன் போயிருக்கும். கிடைத்ததும் போன் செய்யுங்கள். நான் எடுக்கும்வரை விடாதீர்கள்.

உங்கள் மகள்